தங்கை மகளுக்கு ஒரு காது: விலாவிலிருந்தா, ஆய்வகத்திலிருந்தா?

போன தை மாதம் குலதெய்வக் கோயிலில் என் தங்கை மகளுக்குக் காதணி விழா நடந்தது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் குழந்தை காது குத்திக்கொள்ள வேண்டும். மடி என்னுடையது. இடது காதில் பத்தர் தங்கக் கம்பியை ஏற்றி, அவள் வீறிட்டு அழுது ஓய்ந்ததும், வழக்கப்படி தலையை மறுபக்கம் திருப்பக் கையை நீட்டினார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவளுக்கு வலப்பக்கம் காது மடல் இல்லை. நிலக்கடலை போலச் சுருண்ட ஒரு சதைத் துண்டும், அதன் அடியில் சின்னதாக ஒரு தொங்கு சதையும் மட்டுமே இருக்கின்றன. காதுத் துளையும் இல்லை. "அந்தத் தொங்கலிலாவது ஒரு பொட்டுக் குத்திவிடலாமே" என்று பின்னாலிருந்து ஒரு பெரியம்மா சொன்னார். குத்தவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்துக்கு வந்து சேர எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை வருடம் ஆனது.

இந்தக் குறைக்கு மைக்ரோஷியா என்று பெயர். பத்தாயிரம் பிறப்புகளில் ஒன்று முதல் பத்துக் குழந்தைகள் வரை, நாட்டுக்கு நாடு மாறுபட்டு, இப்படிப் பிறக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு காதில் மட்டும், அதிலும் வலது காதில்தான் அதிகம். கருவில் காது மடல் ஐந்து, ஆறாம் வாரங்களில் ஆறு சிறு மேடுகளாகத் தோன்றிப் பிறகு ஒன்றுகூடுகிறது. பல பெண்களுக்குக் கருவுற்றிருப்பது உறுதியாவதே அந்த நாட்களில்தான். "கிரகணத்தன்று காய் நறுக்கினாயா?" என்று என் தங்கையைக் கேட்காத உறவு இல்லை. அவள் ஆறு வருடமாக அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டிருக்கிறாள். கோயிலில் குழந்தைக்கு மொட்டை போட அவள் கடைசிவரை சம்மதிக்காததும் அதனால்தான். மூன்று கொத்து முடியை மட்டும் நறுக்கிக் காணிக்கையாகப் போட்டோம்.

மடலைப் பற்றிப் பேசுவதற்கு முன் கேட்கும் திறனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பெற்றோர் பலர் இங்கேதான் நாட்களை இழக்கிறார்கள். துளை அடைபட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு உள்காது நன்றாகவே வேலை செய்யும். ஒலி உள்ளே போக வழியில்லை, அவ்வளவுதான். அந்தக் காதில் 40 முதல் 60 டெசிபல் வரை கேட்பது குறையும். மண்டையெலும்பு வழியாக அதிர்வைக் கடத்தும் கருவி ஒன்றை எலாஸ்டிக் பட்டையில் பொருத்தித் தலையில் கட்டிவிடலாம். அறுவை எதுவும் தேவையில்லை. இரண்டு காதும் அடைபட்ட குழந்தைக்கு இதைப் பிறந்த சில மாதங்களிலேயே கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு வளர்ச்சி பின்தங்கும். ஒரு காது நன்றாக இருந்தால் பேச்சு வந்துவிடும். ஆனால் இரைச்சலான வகுப்பறையில் அந்தக் குழந்தை திணறும், சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. எங்கள் குழந்தையைக் கரும்பலகையைப் பார்த்தபடி வகுப்பின் வலது ஓரத்தில் உட்கார வைக்கச் சொன்னோம். நல்ல காது ஆசிரியர் பக்கம் இருக்கும். காசில்லாமல் கிடைத்த முதல் சிகிச்சை இது. கூடவே சிறுநீரகத்துக்கும் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். முகம், கழுத்தெலும்பு, சிறுநீரகம் ஆகியவற்றிலும் குறை சேர்ந்திருக்கும் குழந்தைகள் உண்டு. இவளுக்கு ஒன்றுமில்லை.

இனி மடல். விழாவுக்கு வெகுநாள் முன்பே மாப்பிள்ளை கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். முதுகில் மனிதக் காது முளைத்த சுண்டெலி. "மச்சான், இதே மாதிரி குழந்தையின் செல்லிலிருந்தே காது வளர்த்து வைத்துவிடுகிறார்களாம். நெஞ்சைக் கீறி விலாவிலிருந்து எடுக்க வேண்டியதில்லையாம். கொஞ்ச வருடம் பொறுத்தால் போதும்" என்றார். எங்கள் குடும்பத்தில் பேச்சு தொடங்கியதும் நின்றுபோனதும் இந்தப் படத்தில்தான். அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் ஆய்வு 1997இல் வெளியானது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வகான்டி சகோதரர்களும் யிலின் காவோவும் மற்றவர்களும் செய்தது. மூன்று வயதுக் குழந்தையின் காது வடிவத்தில், உடலுக்குள் தானே கரையும் இழைகளால் ஒரு சாரம் கட்டினார்கள். கட்டடத்துக்குக் கட்டுகிற சாரம் போன்றதுதான். அதன்மேல் குருத்தெலும்புச் செல்களைத் தூவி எலியின் தோலுக்கடியில் வைத்தார்கள். அந்தச் செல்கள் மனிதருடையவை அல்ல, மாட்டினுடையவை. எலியும் நோய் எதிர்ப்புச் சக்தி குன்றிய வகை. அந்நியப் பொருளை எதிர்த்து விரட்ட அதன் உடலால் முடியாது. குருத்தெலும்பு வளர்ந்தது உண்மை. ஆனால் அது எந்தக் குழந்தையின் தலைக்கும் போகவில்லை.

அதே 1997இல் அமெரிக்காவில் இன்னொன்று நடந்தது. நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புச் செல்களை ஆய்வகத்தில் பெருக்கி முழங்காலில் வைக்கும் முறைக்கு அரசு அனுமதி கிடைத்தது. முழங்காலில் முடிந்தது காதில் ஏன் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை? இதைப் புரிந்துகொண்ட நாளில்தான் எனக்குக் காத்திருப்பதன் விலை தெரிந்தது.

முழங்காலில் இருப்பது ஒரு சிறு பள்ளம். செல்கள் அதை நிரப்பினால் போதும், சுற்றியுள்ள எலும்பு தாங்கிக்கொள்ளும். காது அப்படியல்ல, தானே நிற்க வேண்டும். ஒரு மடலுக்குக் கோடிக்கணக்கான செல்கள் வேண்டும், கையிலிருப்பதோ நிலக்கடலை அளவுத் துண்டு. அதிலிருந்து எடுத்த செல்களைத் தட்டில் பெருக்கப் பெருக்க அவை தம் குணத்தை இழந்து, குருத்தெலும்பை உண்டாக்குவதற்குப் பதிலாகத் தழும்புத் திசுவின் செல்களைப் போல நடக்கத் தொடங்குகின்றன. வளர்த்ததை உள்ளே வைத்த பிறகு, மேலே மூடிய தோல் ஆறும்போது இறுகிச் சுருங்கும். அந்த அழுத்தத்தில் மென்மையான இளம் குருத்தெலும்பு சப்பிப்போகும். சாரம் சீக்கிரம் கரைந்தால் வடிவம் சரியும். மெதுவாகக் கரைந்தால் அது இருக்கும்வரை உடலுக்கு அந்நியப் பொருள்தான். செல்லின் வேகமும் சாரத்தின் வேகமும் தோலின் வேகமும் ஒன்றுக்கொன்று பொருந்தி வர வேண்டும். சிக்கல் முழுவதும் அந்தப் பொருத்தத்தில்தான் இருக்கிறது.

மனிதரிடம் முயன்றவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் ஹிரோகோ யனாகா குழுவினர் நான்கு நோயாளிகளிடம் செய்ததை 2009இல் வெளியிட்டார்கள். மைக்ரோஷியா துண்டிலிருந்து செல்களை எடுத்துப் பெருக்கி, அவரவர் வயிற்றுத் தோலுக்கடியில் செலுத்தி, ஆறு மாதம் அங்கேயே ஒரு கட்டியாக வளரவிட்டு, பிறகு வெளியே எடுத்துக் காதாகச் செதுக்கினார்கள். சாரமே இல்லாத வழி. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது, உடலையே வயலாக்கிக்கொள்வது. சீனாவில் குவாங்டோங் ஜோ, யிலின் காவோ குழுவினர் 2018இல் ஐந்து குழந்தைகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆறிலிருந்து பத்து வயது வரையான குழந்தைகள். நல்ல காதை ஸ்கேன் செய்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி, முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் உதவியால் சாரம் செய்து, மூன்று மாதம் செல்களை வளர்த்துப் பொருத்தினார்கள். ஐவரில் நால்வருக்குக் குருத்தெலும்பு உருவானது தெளிவாகத் தெரிந்தது. முதல் குழந்தையை இரண்டரை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்திருந்தார்கள். அந்த முதல் குழந்தை ஆறு வயதுச் சிறுமி. அதைப் படித்த இரவு என் தங்கைக்குத் தூக்கம் வரவில்லை.

2022 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸில், அர்துரோ போனிலா என்ற மருத்துவர், 20 வயதுப் பெண்ணுக்கு அவளுடைய செல்களாலேயே அச்சிட்ட காதைப் பொருத்தினார். 3டிபயோ என்ற நிறுவனம் ஜூன் மாதம் அதை அறிவித்தது. பதினொரு பேரிடம் சோதிப்பதாகத் திட்டம். உலகம் முழுக்கச் செய்தியானது. ஆனால் அது நிறுவனத்தின் அறிவிப்பாக வந்ததே தவிர மருத்துவ இதழில் வெளியான முடிவாக வரவில்லை. மற்றவர்களுக்குக் கிடைக்கும் சிகிச்சையாகவும் அது மாறவில்லை.

குழந்தைகளின் பிறவிக் குறைகளுக்கு "வளர்த்த உறுப்பு" என்ற வாக்குறுதி இதற்கு முன்பும் வந்திருக்கிறது. 2006இல் அந்தோனி அட்டாலா குழுவினர், முதுகுத்தண்டு பிளவுபட்டுப் பிறந்த ஏழு பேருக்கு அவர்களின் செல்களால் வளர்த்த சிறுநீர்ப்பைத் திசுவைப் பொருத்தியதை வெளியிட்டார்கள். நாளிதழ்களெல்லாம் கொண்டாடின. அதே வழியில், பத்துப் பேரிடம், பல மருத்துவமனைகளில் நடந்த அடுத்த கட்டச் சோதனையின் முடிவு 2014இல் வந்தது: சிறுநீர்ப்பையின் கொள்ளளவு கூடவில்லை, பக்கவிளைவுகளோ ஏற்கத்தக்க அளவைத் தாண்டிவிட்டன. மூச்சுக்குழாய்க் கதை இன்னும் கொடுமை. பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை மருத்துவர் பிளாஸ்டிக் குழாயில் செல்களைத் தூவிப் பொருத்தினார். மூச்சுக்குழாயே இல்லாமல் பிறந்த இரண்டு வயதுக் குழந்தை ஒன்று 2013இல் அந்த அறுவைக்குப் பின் மூன்று மாதத்துக்குள் இறந்துபோனது. ஸ்வீடனில் அவர் செய்த அறுவைகளுக்காக 2023இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. காது ஆய்வாளர்களை அவரோடு சேர்த்துப் பேசுவது அநியாயம், அவர்கள் நிதானமாக வேலை செய்கிறவர்கள். ஆனால் ஐந்து குழந்தைகளின் இரண்டரை ஆண்டுக் கணக்கை வைத்து அறுபது, எழுபது ஆண்டுகள் தலையில் இருக்க வேண்டிய ஒன்றைத் தீர்மானிக்க முடியாது.

ஆக ஆய்வகக் காது இன்று ஒரு ஆராய்ச்சி. சிகிச்சையாக நம் கைக்கு எட்டுவது மூன்று வழிகள்தான்.

முதலாவது விலாக் குருத்தெலும்பு. விலாவை நெஞ்செலும்போடு இணைக்கும் முன்பகுதி குருத்தெலும்பால் ஆனது. அதை எடுத்துக் காதாகச் செதுக்குவார்கள். ஹரால்ட் கில்லீஸ் 1920இலேயே முயன்றார். 1959இல் ராட்ஃபோர்ட் டான்சர் அதை ஒழுங்கான முறையாக்கினார். பிறகு பர்ட் பிரென்ட் நான்கு கட்டங்களாகச் செய்தார், ஜப்பானின் சதோரு நகாதா 1993இல் அதை இரண்டு கட்டங்களாகக் குறைத்தார்.

எங்களைப் பார்த்த அறுவை மருத்துவர் ஒன்றைச் செய்து காட்டினார். கழுவிய எக்ஸ்ரே பிலிம் துண்டைக் குழந்தையின் இடது காதின்மேல் வைத்து, மேல் விளிம்பு, உள் மடிப்பு, கிண்ணம் என்று ஒவ்வொன்றையும் மார்க்கரால் வரைந்தார். பிறகு பிலிமை அப்படியே திருப்பினார். வலது காது வந்துவிட்டது. குழந்தை அதை வாங்கித் தன் வலப்பக்கத்தில் ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, எப்படி இருக்கு?" என்றாள். எங்கள் யாருக்கும் பதில் வரவில்லை. மருத்துவர்தான் "ரொம்ப அழகு" என்றார்.

அறுவையின்போது அந்த பிலிம்தான் அச்சு. ஆறிலிருந்து ஒன்பது வரையான விலாக்களின் குருத்தெலும்பைத் தேவையான அளவு எடுத்து, மரச்சிற்பி போலச் செதுக்கி, மெல்லிய கம்பியால் இணைத்து, காது இருக்க வேண்டிய இடத்தில் தோலுக்கடியில் வைப்பார்கள். உறிஞ்சு குழாய் தோலை உள்ளே இழுக்க, மடிப்புகள் அங்கேயே, அந்த மேசையிலேயே மேலெழுந்து தெரியும். மீந்த துண்டு ஒன்றை மார்புத் தோலுக்கடியில் சேமித்துவைத்து, ஆறு மாதம் கழித்துக் காதைத் தலையிலிருந்து தூக்கி நிறுத்தும்போது முட்டாகப் பயன்படுத்துவார்கள். காதின் தொங்கு மடல் மட்டும் செதுக்கியதல்ல. குழந்தைக்கு ஏற்கெனவே இருக்கிறதே, அந்தச் சிறு தொங்கு சதை, அதையே இடம் மாற்றி இணைப்பார்கள். அங்கே ஓட்டை போட்டுத் தழும்பு உண்டாக்கினால் நல்ல தோலைக் கெடுத்ததாகும். கோயிலில் பத்தரின் கையை நான் பிடித்ததற்குக் காரணம் இதுதான்.

குறைகள் சிறியவை அல்ல. நெஞ்சில் வலி, சில சென்டிமீட்டர் தழும்பு. பெண் குழந்தை என்பதால் அந்தத் தழும்பு எங்கே வரும் என்று என் தங்கை மூன்று முறை கேட்டாள். நுரையீரல் உறையில் ஓட்டை விழும் ஆபத்து சிறிதளவு உண்டு, பார்த்தவுடன் சரிசெய்வார்கள். விலாக்கூடு சற்று ஒடுங்கலாம். குருத்தெலும்பைச் சுற்றிய உறையை விட்டுவைத்து எடுத்தால் இது குறையும், ஆகவே அப்படிச் செய்வீர்களா என்று கேட்டே ஆக வேண்டும். விலாக் குருத்தெலும்பு காதினுடையதைப் போல வளைந்து கொடுக்காது, தொட்டால் கெட்டியாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது செதுக்குபவரின் கையைப் பொறுத்த வேலை. பத்தாண்டுகளில் நாலைந்து காது செய்தவரிடம் போகக் கூடாது. எத்தனை செய்தீர்கள், ஒரு வருடம் கழித்து எடுத்த படங்கள் எங்கே என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ஆனால் அது குழந்தையின் சொந்த உயிருள்ள திசு. அடிபட்டால் ஆறும், உடலோடு ஒன்றிவிடும். அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தக் காதுகளோடு வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். திசுப் பொறியியல் எதை எட்ட முயல்கிறதோ, அதில் பெரும் பங்கை இந்தப் பழைய வழி ஏற்கெனவே தருகிறது, நெஞ்சுத் தழும்பை விலையாக வாங்கிக்கொண்டு.

இரண்டாவது, நுண்துளைகள் கொண்ட பாலிஎத்திலீன் சட்டம். மெட்போர் என்ற பெயரில் அறியப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸில் ஜான் ரைனிஷ் 1991 முதல் வளர்த்த முறை. தயார் சட்டத்தை நெற்றிப்பொட்டுப் பக்கத்து மெல்லிய சவ்வால் போர்த்தி, மேலே தோல் ஒட்டுவார்கள். சவ்வின் ரத்தக்குழாய்கள் துளைகளுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். மூன்று, நான்கு வயதிலேயே, பெரும்பாலும் ஒரே அறுவையில் முடிந்துவிடும். நெஞ்சைத் தொட வேண்டாம். பள்ளிக்குப் போகுமுன் காது வந்துவிடும் என்பது பெற்றோருக்குப் பெரிய ஆறுதல், மடிப்புகளும் கூர்மையாக வரும். எங்கள் மாப்பிள்ளை இந்தப் பக்கம்தான் வெகுநாள் நின்றார்.

என்னைத் தடுத்தது ஒன்றுதான். அது வாழ்நாள் முழுவதும் அந்நியப் பொருள். பத்து வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து தோல் கிழிந்து சட்டம் வெளியே தெரிந்தால், தொற்று ஏறினால், சில வேளை அதை எடுத்தே ஆக வேண்டியிருக்கும். அப்போது நல்ல சவ்வு ஏற்கெனவே செலவாகியிருக்கும், தோல் தழும்பேறியிருக்கும். அங்கே விலாக் காது வைப்பது மிகக் கடினம், நாளை நல்ல ஆய்வகக் காது வந்தாலும் அதைப் போர்த்த நல்ல தோல் இருக்காது. இந்த முறையையே அன்றாடம் செய்கிற தேர்ந்த கையில் ஆபத்து குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்படி ஒருவர் எட்டும் தூரத்தில் இருக்கும் குடும்பம் வேறு முடிவுக்கு வரலாம், அதில் தவறில்லை.

மூன்றாவது, சிலிக்கோன் காது. மண்டையெலும்பில் டைட்டானியம் திருகு பதித்துக் காந்தத்தாலோ கொக்கியாலோ மாட்டுவது. பார்க்க அச்சு அசலாக இருக்கும். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், திருகைச் சுற்றித் தினமும் சுத்தம் செய்ய வேண்டும், நம் வெயிலில் நிறம் வெளிறும். திருகுக்காக அந்த இடத்துத் தோலை மெலிதாக்கி, மிஞ்சிய துண்டையும் நீக்கினால் மற்ற வழிகள் ஏறக்குறைய அடைபடும். வளர்ந்தவர்களுக்கு, மற்றவை தோற்றவர்களுக்கு, தீக்காயம் பட்டவர்களுக்கு நல்லது. ஆறு வயதுக் குழந்தைக்கு முதல் தேர்வு அல்ல.

எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான். மடல் இல்லாததால் உயிருக்கு ஆபத்தில்லை. அவளே பெரியவளாகி முடிவு செய்யட்டும் என்று விடும் பெற்றோரை நான் மதிக்கிறேன். "முடியை இறக்கிவிட்டால் மறைந்துவிடும்" என்று சொல்பவர்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் ஓடும்போது முடி பறக்கிறது. கண்ணாடி போட்டால் ஒரு பக்கம் சரிகிறது. கொரோனா நாட்களில் முகக்கவசத்தின் ஒரு கயிற்றைத் தலைமுடிக் கிளிப்பில் மாட்டிவிட்டோம்.

இடையில் ஒரு கிளினிக்கிலிருந்து மாப்பிள்ளைக்கு அழைப்பு வந்தது. "ஸ்டெம் செல்லில் காது வளர்த்துத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்றார்கள். இதற்கு மட்டும் யோசிக்க ஒன்றுமே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், ரத்த நோய்கள் போன்ற ஏற்கப்பட்ட சில பயன்பாடுகளைத் தவிர மற்ற இடங்களில் ஸ்டெம் செல்லைப் பதிவு பெற்ற மருத்துவச் சோதனைக்கு வெளியே கொடுப்பதை ஏற்பதில்லை. சோதனை என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதற்கு எண் இருக்கும், இணையத்தில் யாரும் பார்க்கலாம். "பதிவு எண் சொல்லுங்கள்" என்று கேட்டோம். அதன்பின் அழைப்பு வரவில்லை.

நாங்கள் விலாக் காதைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். நகாதா முறைக்குச் சுமார் பத்து வயதாக வேண்டும், நெஞ்சின் சுற்றளவு 60 சென்டிமீட்டரை எட்ட வேண்டும். முழு அளவுக் காதைச் செதுக்கப் போதிய குருத்தெலும்பு அப்போதுதான் இருக்கும். இந்த நான்கு ஆண்டுகளும் வீணல்ல. தலைப்பட்டைக் கருவி இப்போதே கட்டியாயிற்று. பின்னாளில் அதற்குத் திருகு வைப்பதாக இருந்தால், காது செய்யும் மருத்துவர் குறித்துக் கொடுக்கும் இடத்துக்கு வெளியேதான் வைக்க வேண்டும் என்று இரு மருத்துவர்களுக்கும் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். வலப்பக்கத்துத் தோலை யாரும் தொடுவதில்லை. இந்த இடைவெளியில் ஆய்வகக் காது நம்பத் தகுந்த அளவுக்கு வளர்ந்துவிட்டால், அதற்கு வேண்டிய துண்டும் தோலும் கைபடாமல் இருக்கும். வளராவிட்டால் விலா இருக்கிறது. காத்திருப்பது விலா வளர்வதற்காக. அதே நாட்களில் அறிவியலும் வளர்ந்தால் அது எங்கள் அதிர்ஷ்டம்.

ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் தங்கை தையல் டேப்பை எடுத்து அவள் நெஞ்சைச் சுற்றி அளக்கிறாள். இந்த முறை மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இப்போது பாருங்கள் மாமா" என்றாள். 57 வந்தது. மூச்சை விடச் சொன்னோம். 54. காலண்டரில் குறித்துவைத்திருக்கிறோம். புதுக் காதின் தொங்கு மடல் அவளுடைய சொந்தச் சதை என்பதால், எல்லாம் ஆறிய பிறகு மருத்துவர் சம்மதித்தால் அங்கே தோடு குத்திக்கொள்ளலாம். அன்றைக்கும் என் மடியில்தான் உட்காருவேன் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள்.